மூக்குக்குப் பழகிய வைரஸ்: சளி பற்றி வாசகர் கேள்விகள்

சளி, ஜலதோஷம் பற்றி வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எடுத்து அனுப்பும் மாதிரிகளில் வைரஸைத் தேடுவதுதான் பல வருடம் என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. ஒரு சளி விட்டு இரண்டு வாரம்கூட ஆகாது, அடுத்தது வந்துவிடும். தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிறார்கள். சளிக்கு மட்டும் ஏன் அப்படி இல்லை? பையனுக்கு எதிர்ப்பு சக்தி குறைவா டாக்டர்?

அநேகமாக அப்படி இருக்காது அம்மா. உங்கள் மகனுக்கு ஒரே நோய் திரும்பத் திரும்ப வரவில்லை. ஒவ்வொரு முறையும் வருவது வேறு வைரஸ்.

தட்டம்மை வைரஸ் நம் எதிர்ப்பாற்றலுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் போதும், ஆயுளுக்கும் மறக்காது. சளி அப்படியல்ல. ஏறக்குறைய பாதிச் சளிக்குக் காரணமான ரைனோவைரஸில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஏ, பி, சி என மூன்று இனங்களாக அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வகையை எதிர்த்து உடல் தயாரித்த எதிர்ப்புப் புரதம் அடுத்த வகையிடம் பெரும்பாலும் எடுபடாது. போதாததற்கு அடினோவைரஸ், பாராஇன்ஃப்ளுயன்சா, ஆர்எஸ்வி, மெட்டாநியூமோவைரஸ் என்று சளி தரும் வேறு வைரஸ்களும் இருக்கின்றன. கொரோனா வைரஸ்களிலும் வெறும் சளியோடு விட்டுவிடுபவை நான்கு உண்டு: 229இ, ஓசி43, என்எல்63, ஹெச்கேயு1. இந்த நான்கிலும் ஒன்று வந்துபோனால் கிடைக்கும் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்பதில்லை. ஒரு வருடம் கழித்து அதே வைரஸ் மறுபடி வரலாம்.

பெரியவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று சளி வருவது சகஜம். சின்னக் குழந்தைகளுக்கு ஆறு, எட்டு, சமயத்தில் அதற்கு மேலும் வரும். மற்ற குழந்தைகளோடு கலந்து பழகத் தொடங்கும் வயதில் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு புது வைரஸோடு ஏற்படும் முதல் அறிமுகம். வயது ஏற ஏற எண்ணிக்கை தானாகக் குறையும். எடை கூடாமல் இருப்பது, நிமோனியா திரும்பத் திரும்ப வருவது, காதில் அடிக்கடி சீழ் பிடிப்பது, இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் எதிர்ப்பாற்றல் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ரைனோவைரஸ் மூக்குக்குள் போன பிறகு சரியாக என்னதான் செய்கிறது? எல்லா இடத்திலும் "செல்லுக்குள் நுழைந்து பெருகுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நல்ல கேள்வி தம்பி. அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அளவு. ரைனோவைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். முப்பதாயிரத்துக்கும் மேல் வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். கொழுப்பு உறை கிடையாது. நான்கு விதப் புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60 பிரதி, எல்லாம் சேர்ந்து 20 முகங்கள் கொண்ட ஒரு கூடு. அதற்குள்ளே வைரஸின் மரபுச் செய்தியைத் தாங்கிய ஒற்றை இழை ஆர்என்ஏ, சுமார் 7,200 எழுத்து நீளம். மனித மரபணுத் தொகுதியின் நீளம் ஏறக்குறைய 300 கோடி எழுத்து. இந்த 7,200 எழுத்து நம்மை ஒரு வாரம் படுத்தி எடுப்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

மூக்கின் முன்பக்கம் வந்து விழும் வைரஸ் அங்கேயே தங்கிவிடாது. மூக்கின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் சளிப் படலத்தை ஓயாமல் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அழுக்கை வெளியேற்றுவதற்கான அந்த ஏற்பாடே வைரஸைத் தொண்டையின் மேற்பகுதிக்கு, அடினாய்டு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வைரஸ் பிடித்துக்கொள்ளும் ஐகாம்-1 என்ற புரதம் அங்கேயுள்ள செல்களின் மேற்பரப்பில் ஏராளம். அந்தப் புரதம் வைரஸுக்காக இருப்பதல்ல. வெள்ளையணுக்கள் ஒட்டிக்கொள்ள உடல் வைத்திருப்பது. ரைனோவைரஸ் வகைகளில் பெரும்பாலானவை அதைத்தான் பற்றிக்கொள்கின்றன. இதைவிட விசேஷம், தொற்று ஏற்பட்டதும் வரும் அழற்சியால் செல்களில் ஐகாம்-1 இன்னும் கூடுகிறது. அதாவது வைரஸ் நுழைய வாசல்கள் அதிகமாகின்றன.

1985-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன் குழுவினர் ரைனோவைரஸ்-14 என்ற வகையின் அமைப்பை அணு அளவில் கண்டுபிடித்தார்கள். கூட்டின் மேற்பரப்பில் பள்ளத்தாக்கு மாதிரி ஆழமான பள்ளங்கள் ஓடுவது தெரிந்தது. ஐகாம்-1 நுனி இறங்கிப் பொருந்துவது அந்தப் பள்ளத்தில்தான். பள்ளத்தின் அடித்தளம் அதிகம் மாறுவதில்லை. மேடான ஓரங்கள் வகைக்கு வகை மாறுகின்றன. நம் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் பற்றிக்கொள்வது இந்த மாறும் ஓரங்களை. முதல் கேள்வி கேட்ட அம்மாவின் மகனுக்கு ஏன் சளி விடாமல் வருகிறது என்பதற்கு மூலக்கூறு அளவிலான விடை இதில் இருக்கிறது.

உள்ளே போனதும் கூடு திறந்து ஆர்என்ஏ வெளியே வரும். நம் செல்லில் புரதம் தயாரிக்கும் கருவியான ரைபோசோம் அதை வேற்றாள் என்று பார்ப்பதில்லை, நேரடியாகப் படிக்க ஆரம்பித்துவிடும். படித்து முடித்தால் கிடைப்பது ஒரே ஒரு நீளமான புரதச் சங்கிலி. மாத்திரை அட்டையை வெட்டிப் பிரிப்பதுபோல அதைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். வெட்டும் நொதிகள் இரண்டும் அந்தச் சங்கிலியிலேயே இருக்கின்றன! அவற்றில் ஒன்று அப்புறம் நம் செல்லின் பக்கம் திரும்பி, செல் தன் சொந்தப் புரதங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. செல்லின் வேலை நிற்கிறது, வைரஸின் வேலை மட்டும் நடக்கிறது. 8 முதல் 10 மணி நேரத்துக்குள் புது வைரஸ்கள் வெளியே வரத் தொடங்கிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களின் உட்சுவரில் மனித நுரையீரல் நார்ச்செல்களை வளர்ப்போம். ஆரோக்கியமான செல்கள் நீண்டு மெலிந்து, ஒரே திசையில் படிய வாரிய முடி போலப் படுத்திருக்கும். நோயாளியின் மாதிரியை விட்டு, குழாய்களை மெதுவாகச் சுழலும் உருளையில் வைத்துவிடுவோம். சில நாள் கழித்துக் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த ஒழுங்குக்கு நடுவே அங்கங்கே சில செல்கள் சுருங்கி, உருண்டு, பளபளவென்று தெரியும். பெரிதும் சிறிதுமாக இருக்கும். அடுத்தடுத்த நாளில் அவை கண்ணாடியிலிருந்து கழன்று விழ, அந்த இடம் வெறும் ஓட்டையாகும். முதல் நாள் ஒரு மூலையில் நாலைந்து செல் உருண்டிருப்பதைப் பார்த்தாலே "ரைனோவாக இருக்கும்" என்று சொல்லிவிடும் அளவுக்கு எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அந்த உருளை சுழன்ற பெட்டியின் வெப்பம் 37 டிகிரி அல்ல, 33 டிகிரி செல்சியஸ். சளி வைரஸை வளர்க்கப் பல வருடம் எத்தனையோ பேர் திணறியதற்கு ஒரு முக்கியக் காரணம், உடல் வெப்பத்திலேயே வைத்துப் பார்த்ததுதான். இங்கிலாந்தில் சால்ஸ்பரி அருகே 1946 முதல் 1990 வரை சளிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. அங்கே டேவிட் டிரெல் குழுவினர் வெப்பத்தை 33 டிகிரிக்கு இறக்கி, செல்கள் வளரும் திரவத்தின் அமிலத்தன்மையையும் மூக்குக்கு ஏற்றபடி மாற்றி, 1960-இல் வெற்றி கண்டார்கள். சுவாசிக்கும் காற்று உள்ளே வரும்போது மூக்கு உடம்பைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். வைரஸ் அதற்குப் பழகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். ரைனோவைரஸும் போலியோ வைரஸும் நெருங்கிய உறவு. ஆனால் போலியோ வைரஸ் இரைப்பை அமிலத்தைத் தாங்கிக் குடலுக்குப் போய்விடும். ரைனோவைரஸால் முடியாது, அமிலத்தில் அதன் கூடு குலைந்துவிடும். இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்தறிய ஆய்வகத்தில் மாதிரியைச் சில மணி நேரம் அமிலத்தில் வைத்துப் பார்ப்பது பழைய முறை. சளியில் ஊறிய வைரஸைக் கோடிக்கணக்கில் விழுங்கினாலும் அந்த வழியாக நோய் கீழே இறங்காததற்குக் காரணம் இதுதான். உறவுக்கார வைரஸ் நரம்பு மண்டலம் வரை போய்க் காலை முடக்கியது. இது மூக்கைச் சுற்றியே பிழைக்கிறது.

கேள்வி: அப்படியானால் மூக்கு ஒழுகுவதும் அடைப்பதும் வைரஸ் செல்களை அழிப்பதால்தானே?

கண்ணாடிக் குழாயில் நடப்பது வேறு, மூக்கில் நடப்பது வேறு. சளி பிடித்தவர்களின் மூக்கிலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது செல்படலம் பெரும்பாலும் சேதமில்லாமல்தான் இருந்தது. தொற்றுவது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள். மற்ற தொல்லையெல்லாம் நம் உடல் கொடுக்கும் பதில். அதில் முக்கியமான ஒரு பொருள் பிராடிகைனின். நோயே இல்லாத ஆட்களின் மூக்கில் பிராடிகைனினை மட்டும் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். வைரஸே இல்லாமல் மூக்கடைப்பு வந்தது, தொண்டைவலியும் வந்தது.

மூக்கடைப்பு என்றால் உள்ளே சளி நிரம்பி நிற்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். எவ்வளவு சிந்தினாலும் திறக்காததற்கு இதுவே பதில்: அடைத்திருப்பது பெரும்பாலும் சளி அல்ல, வீக்கம். மூக்கின் உட்புற மடிப்புகளில் இரத்தம் தேங்கும் நாளங்கள் நிறைய உண்டு. அவை உப்பும்போது வழி சுருங்கும். சாதாரண நாளிலேயே இந்த உப்பல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடமும் வலமுமாக மாறிக்கொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. சளிக் காலத்தில் உப்பல் அதிகம் என்பதால் ஒரு மூக்கு திறக்க மறு மூக்கு அடைப்பதைத் தெளிவாக உணர்கிறோம்.

கேள்வி: சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டுமா?

நிறத்தை மட்டும் வைத்து எடுக்க வேண்டாம். அந்தப் பச்சை வெள்ளையணுக்களிலிருந்து வருவது. அவற்றில் இருக்கும், இரும்பு அணுவைத் தாங்கிய ஒரு நொதியின் நிறம் அது. வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாள் இப்படி வரும். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடுவதே இல்லை. பத்து நாளுக்கு மேல் துளியும் குறையாமல் இருந்தாலோ, குறைந்து வந்தது திடீரென்று காய்ச்சலும் முகவலியுமாகத் திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுப்பது வழக்கம்தான்.

கேள்வி: ஈரத் தலையோடு இருந்தால், குளிரில் நின்றால் சளி பிடிக்கும் என்பது உண்மையா, மூடநம்பிக்கையா?

மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் வைரஸ் இல்லாமல் குளிர் மட்டும் சளியை உண்டாக்காது. இதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

இதற்கு அழகான சான்று ஸ்பிட்ஸ்பெர்கன். ஆர்க்டிக் கடலில் உள்ள சுரங்கத் தீவு. 1930-களின் தொடக்கத்தில் அங்கே இருந்தவர்களை ஆராய்ச்சியாளர்கள் கூடவே தங்கிக் கவனித்தார்கள். கடல் உறைந்து கப்பல் வராத கடும் குளிர்காலத்தில் சளி ஏறக்குறைய இல்லாமலே போனது. இருக்கிற சில நூறு பேரிடையே சுற்றிய வைரஸ்கள் ஆள் கிடைக்காமல் அடங்கிவிட்டன. குளிர் குறைந்து, கப்பல் வந்து, புது ஆட்கள் இறங்கிய சில நாளிலேயே ஊர் முழுக்கச் சளி.

சால்ஸ்பரியிலும் தன்னார்வலர்களைக் குளிப்பாட்டி, துவட்டாமல் காற்றடிக்கும் நடையில் நிறுத்திப் பார்த்தார்கள். குளிரில் நின்றவர்களுக்கு அதனால் சளி கூடுதலாக வரவில்லை. ஆனால் 2005-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேர் கால்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாளில் அந்தப் பாதியில் 13 பேருக்கும், மற்ற பாதியில் 5 பேருக்கும் சளி அறிகுறிகள். வைரஸ் இருந்ததா என்று சோதிக்கவில்லை என்பதால் இதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது 2015-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபாக்ஸ்மன், அகிகோ இவாசாகி குழு செய்த வேலை. எலியின் சுவாசப்பாதைச் செல்களை ஒரே வைரஸுக்கு 33 டிகிரியிலும் 37 டிகிரியிலும் உட்படுத்தினார்கள். 33-இல் வைரஸ் நன்றாகப் பெருகியது. காரணம் வைரஸின் திறமை மட்டுமல்ல. வைரஸ் வந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை விட்டு எழுப்பும் எச்சரிக்கை, குளிர்ந்த நிலையில் பலவீனமாக இருந்தது. எனவே ஏற்கெனவே மூக்குக்குள் வந்துவிட்ட வைரஸுக்குக் குளிர்ந்த காற்று கொஞ்சம் ஒத்தாசை செய்யக்கூடும். தொற்றிய எல்லோருக்கும் அறிகுறி வருவதில்லை, நாலில் ஒருவராவது எதுவும் தெரியாமலே கடந்துவிடுவார். அப்படிப்பட்டவரைக் குளிர் ஒருவேளை அறிகுறியின் பக்கம் தள்ளலாம். இதற்கு மேல் பெரியவர்கள் சொன்னதை நீட்டிச் சொல்ல ஆதாரம் போதாது.

கேள்வி: கையைக் கழுவினால் போதுமா, முகக்கவசமும் வேண்டுமா?

இரண்டு வழியிலும் பரவும். விஸ்கான்சினில் ரைனோவைரஸை வைத்து ஒரு சோதனை, 1987-இல் வெளியானது. சளி பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒரே மேஜையில் மணிக்கணக்காகச் சீட்டாட வைத்தார்கள். பிடிக்காதவர்களில் பாதிப்பேருக்குக் கை முகத்தில் படவே முடியாதபடி தடுப்பு மாட்டியிருந்தார்கள். தடுப்பு இல்லாத 18 பேரில் 12 பேருக்கும், தடுப்பு இருந்த 18 பேரில் 10 பேருக்கும் தொற்றியது. பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் எச்சிலும் சளியும் பட்டு ஊறிப்போன அந்தச் சீட்டுகளை வேறு அறைக்குக் கொண்டுபோய் வேறு 12 பேரிடம் கொடுத்து, முகத்தைத் தொட்டுத் தொட்டு ஆடச் சொன்னார்கள். ஒருவருக்கும் வரவில்லை. அப்படியானால் முதல் அறையில் தொற்றியது காற்று வழியாகத்தான்.

அதற்காகக் கையை விட்டுவிடக் கூடாது. வேறு சோதனைகளில் விரலில் பட்ட வைரஸ் கண்ணையும் மூக்கையும் தேய்த்ததால் தொற்றியது. கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணீர் வடியும் குழாய் இருப்பதை மறக்க வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சளி பிடித்த முதல் மூன்று நாள் கைக்குழந்தை, வயதானவர்கள் பக்கம் போகும்போது முகக்கவசம் போடுங்கள். அதிகம் பரவுவது அந்த நாட்களில்தான்.

கேள்வி: இத்தனை தெரிந்தும் தடுப்பூசியோ மருந்தோ ஏன் இல்லை?

தடுப்பூசி இல்லாததற்குக் காரணம் வகைகளின் எண்ணிக்கை. 2016-இல் எமரி பல்கலைக்கழகக் குழு 50 வகைகளை ஒன்றாகக் கலந்து குரங்குகளுக்குப் போட்டு, ஏறக்குறைய எல்லா வகைக்கும் எதிர்ப்பு உண்டானதைக் காட்டியது. முடியவே முடியாத காரியம் இல்லை என்று அதன் பிறகு தோன்றுகிறது. மருந்தில் மிக அருகே வந்தது பிளகோனரில். ராஸ்மன் கண்ட பள்ளத்துக்கு அடியில் ஒரு சின்னக் குழி உண்டு. அதில் போய் உட்கார்ந்து கூட்டைத் திறக்கவிடாமல் செய்யும் மருந்து. சளியை ஒரு நாள் அளவுக்குக் குறைத்தது. ஆனால் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கக்கூடும் என்று தெரிந்ததும் 2002-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்தது. தானாகச் சரியாகும் நோய்க்கு அந்த ஆபத்து அதிகம். அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஆஸ்துமா. ஒவ்வொரு சளியும் வீசிங்கில்தான் முடிகிறது. "வெறும் சளிதானே" என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு அழுகை வருகிறது டாக்டர்.

நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது அம்மா. மூக்கோடு நிற்கும் வைரஸ் என்று இவ்வளவு நேரம் எழுதியதற்கு உங்கள் மகள் போன்ற குழந்தைகள்தான் முக்கியமான விலக்கு. பள்ளி வயதுக் குழந்தைகளின் ஆஸ்துமா திடீரென்று மோசமாகும்போது பத்தில் எட்டு முறை ஏதாவது ஒரு வைரஸ் கிடைக்கிறது, அதில் பெரும்பங்கு ரைனோவைரஸ். குறிப்பாக சி இனம். சாதாரணச் செல் வளர்ப்பில் அது வளராது, அதனால் எங்கள் குழாய்களில் அது கண்ணில் படவே இல்லை. மரபணுச் சோதனைகள் வந்த பிறகு, 2006 வாக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அது பற்றிக்கொள்வது ஐகாம்-1-ஐ அல்ல, சிடிஹெச்ஆர்3 என்ற வேறொரு புரதத்தை என்று 2015-இல் தெரிந்தது. அந்தப் புரதத்தின் ஒரு மரபணு வடிவம் உள்ள குழந்தைகளுக்குக் கடும் ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். உடல்வாகிலேயே ஒரு காரணம் இருக்கலாம். நீங்கள் கவனிக்காமல் விட்டதால் வந்ததல்ல.

செய்யக்கூடியது இருக்கிறது. தடுப்பு இன்ஹேலரை, மகள் நன்றாக இருக்கும் நாட்களிலும், மருத்துவர் சொன்னபடி விடாமல் கொடுங்கள். மூச்சுக்குழாய் அமைதியாக இருக்கும்போது வைரஸ் வந்தால் பாதிப்பு குறைவு. மூக்கு ஒழுக ஆரம்பித்த முதல் நாளே என்ன செய்வது, எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்கு ஓடுவது என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிரதி பள்ளியில் வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.